சரி, கிளெரிக் யாரு?

ஆர்பிஜி ஆடுகிற யாரிடமாவது "உங்களுக்குப் பிடிச்ச கேரக்டர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். வாள் வீரன் என்பார்கள், மந்திரவாதி என்பார்கள், இருட்டில் பதுங்கிப் போகும் திருடன் என்பார்கள். அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்று சொல்பவர்கள் ரொம்பக் குறைவு.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போவார்கள். ஒருவர் நடுவர். சண்டையில் அடி விழுமா, விழாதா என்பதைப் பகடை முடிவு செய்யும். புதுக் குழு கூடும்போது எல்லோரும் பாத்திரம் தேர்ந்தெடுத்து முடித்தபின் ஒருவர் கேட்பார்: "சரி, கிளெரிக் யாரு?" உடனே எல்லோரும் தங்கள் தாளை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் குழுவில் அது பெரும்பாலும் நான்தான். பிடித்து எடுத்தேனா, வேறு ஆள் இல்லாததால் எடுத்தேனா என்று எனக்கே தெளிவில்லை. அதனால்தான் இந்தப் பாத்திரத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

கதை அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரத்தில் தொடங்குகிறது. பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த டேவ் ஆர்னெசன், 1971-இல் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை உருவாக்கித் தன் நண்பர்களை அதற்குள் ஆடவிட்டார். அதில் ஒருவரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. பெயர் சர் ஃபாங். நாளாக ஆக அதன் பலம் ஏறிக்கொண்டே போனது, மற்றவர்களால் சமாளிக்க முடியவில்லை. அந்தக் கொட்டத்தை அடக்கத்தான் புதிதாக ஒரு பாதிரியார் பாத்திரம் கொண்டுவரப்பட்டது. அதை ஆடியவர் மைக் கார். ஹாமர் நிறுவனத்தின் டிராகுலா படங்களில் சிலுவையோடு வருவாரே வான் ஹெல்சிங், அவர்தான் இதற்கு முன்மாதிரி.

ஆக, கிளெரிக் பிறந்தது பேய் விரட்ட. வைத்தியம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

1974-இல் கேரி கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது. முதல் பதிப்பு 1000 பிரதிகள்தான். அதில் மூன்றே வகைப் பாத்திரங்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். திருடன்கூட அடுத்த வருஷம் வந்த இணைப்பு நூலில்தான் சேர்ந்தான். கிளெரிக் கூரான ஆயுதம் தொடக்கூடாது. முதல் நிலையில் அவருக்கு மந்திரமே கிடையாது, இரண்டாம் நிலையில்தான் ஒன்று கிடைக்கும்.

பிறகு ஏன் அவரை எல்லோரும் தேடினார்கள்? கணக்கைப் பாருங்கள். அந்தப் புத்தகத்தின் விதிப்படி, காயம்பட்டவர் முழு ஓய்வு எடுத்தால் முதல் நாள் ஒன்றும் தேறாது. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு புள்ளி தேறும். கிளெரிக்கின் சின்ன மந்திரமோ 2 முதல் 7 புள்ளிகள் வரை ஆற்றும். அதாவது, இரண்டு வாரம் படுத்துக் கிடந்து தேற வேண்டியதை அவர் ஒரே மந்திரத்தில் சரிசெய்துவிடலாம். மந்திரவாதியின் பட்டியலில் இது இல்லவே இல்லை. அன்றிலிருந்து கிளெரிக் இல்லாமல் குகைக்குள் போவது முட்டாள்தனம் என்றாகிவிட்டது. தேவை ஏறியது, ஆசை ஏறவில்லை. நண்பனின் காயத்தை ஆற்றினால் உங்கள் முறை அதோடு போச்சு, வாளைச் சுழற்ற முடியாதே.

கணினிக்கு வந்தபின் நிலைமை இன்னும் மோசம். 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட்டில் கிளெரிக் உட்கார்ந்து தியானம் செய்துதான் சக்தியை மீட்க வேண்டும். ஆரம்ப காலத்தில், அப்படி உட்கார்ந்தால் மந்திரப் புத்தகம் திறந்து திரையை மறைத்துக்கொள்ளும். பக்கத்தில் நண்பர்கள் சண்டை போடும்போது இவர் புத்தகத்தை முறைத்துக்கொண்டிருப்பார்! பெரிய அரக்கர்களோடு மோதும்போது கிளெரிக்குகள் வரிசை பிரித்துக்கொண்டு, பத்து நொடி எடுக்கும் ஒரே மந்திரத்தை ஒருவர்பின் ஒருவராகப் போடுவார்கள். தொழிற்சாலை ஷிஃப்ட் மாதிரிதான்.

வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2000-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு, தயாராக வைத்திருக்கும் வேறு மந்திரத்தைக் காயம் ஆற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளும் சலுகை தந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு ஒரே முறையில் அடிக்கவும் ஆற்றவும் வழி செய்து, இந்த வேலைக்கு 'லீடர்' என்று பட்டமும் கட்டியது. 2011-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், எந்த வேலைக்கு ஆள் குறைவோ அதை ஏற்பவருக்குக் கூடுதல் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. 2012-இல் கில்ட் வார்ஸ் 2, தனி வைத்தியரே வேண்டாம், அவரவர் காயத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. மூன்றே வருஷம். 2015-இல் வந்த விரிவாக்கத்தில் ட்ரூயிட் என்ற பெயரில் வைத்தியர் திரும்பி வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ரிச்சர்ட் பார்ட்டிலைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷா தொடங்கிய, பலர் சேர்ந்து ஆடும் முதல் எழுத்துவழி உலகமான மட்-ஐ வளர்த்தெடுத்தவர் அவர். 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களை நாலாகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடித் திரிபவர், பேசிப் பழகுபவர், மற்றவரைத் தாக்குபவர். இதில் வைத்தியர் எங்கே? எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் இதுதான். வலியப் போய் உதவி செய்பவரை அவர் கடைசி வகையில், கொலைகாரர்களோடு சேர்த்திருக்கிறார்! இருவருமே அடுத்தவர் மேல் தன் செயலைத் திணிப்பவர்கள் என்பது அவர் தர்க்கம். ஆனால் உதவியில் கிடைக்கும் பலன் சொற்பம், அதனால் அந்த வழியில் போகிறவர்கள் கொஞ்சம்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அவர் பாதி சரி. பரிசு சொற்பம்தான். வார்கிராஃப்ட் தந்த கூடுதல் பரிசும் அதை ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? ஆனால் சலுகையும் பட்டமும் வருவதற்கு முன்னாலேயே, அந்தப் புத்தகத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்களே. அவர்கள் எதற்காக உட்கார்ந்தார்கள்?

என் மேசையிலிருந்து ஒரு பதில் சொல்ல முடியும். சண்டை நடக்கும்போது வீரன் எதிரியைப் பார்க்கிறான், திருடன் வாசலைப் பார்க்கிறான். யாருக்கு எத்தனை புள்ளி மிச்சம் என்று மனக்கணக்கு வைத்திருப்பது நான் மட்டும்தான். ஆட்டம் முடிந்து பல வாரம் கழித்தும், யார் எந்த இடத்தில் சாகக் கிடந்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கும். அவர்களுக்கே இருக்காது.

இதற்கு எந்தப் பதிப்பிலும் புள்ளி கிடையாது. போன தடவை புதுக் கதை தொடங்கியபோது, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே என் தாளில் கிளெரிக் என்று எழுதிவிட்டேன்.