ஜிம் ஷெட்யூலை எப்போது மாற்றுவது? ஒரு விதி பிறந்த கதை

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஷெட்யூலை மாத்திடணும். இல்லேன்னா பாடி பழகிடும், மசில் ஏறாது." சிலர் நாலு வாரம் என்பார்கள், சிலர் மூன்று மாதம் என்பார்கள். கணக்குதான் ஆளுக்கு ஆள் மாறும். மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு இராணுவ மருத்துவமனை, சோவியத் விளையாட்டு, கொஞ்சம் எலிகள், நிறைய பத்திரிகை வியாபாரம் என்று கதை எங்கெங்கோ போகிறது.

முதலில் மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த கார்டினர் மருத்துவமனையில் காலிலும் முழங்காலிலும் அடிபட்ட வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அடிபட்ட காலுக்கு லேசான எடை, நிறையத் தடவை என்பதுதான் அன்றைய வழக்கம். அங்கே வேலை பார்த்த தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர் இதை ஏற்கவில்லை. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர், எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக் கொண்டவர் அவர். காலில் இரும்புப் பூட்ஸ் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் எடைத் தட்டுகளை மாட்டி, வீரர்களைத் தூக்க வைத்தார். 1945ல் அதைப் பற்றி கட்டுரை எழுதினார். 1948ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து முறையை இன்னும் சுருக்கினார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பார்ப்பது. அதில் பாதி எடையில் ஒரு செட், முக்கால் எடையில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட். இன்றைக்கு எல்லா ஜிம்மிலும் சொல்லப்படும் "மூணு செட், பத்து ரெப்ஸ்" பிரபலமானது இங்கிருந்துதான்!

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிலோர்ம் பயிற்சியை மாற்றிக் கொண்டே இருக்கவில்லை. வாரம் ஒரு தடவை சோதித்துப் பார்த்து எடையைத்தான் ஏற்றினார். கிரேக்க மல்யுத்த வீரன் மைலோ தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிப் பழகினான் என்ற பழங்கதையிலும் இதே விஷயம்தான். பயிற்சி ஒன்றே, கன்று மட்டும் வளர்ந்தது.

அப்படியானால் ஷெட்யூலையே மாற்றும் பழக்கம்?

சோவியத் யூனியன் முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1952ல், ஹெல்சிங்கியில். அதன் பிறகு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் லெவ் மத்வேயெவ். 1960களின் நடுவில் அவர் எழுதிய முறைப்படி ஒரு வருடப் பயிற்சியை ஆயத்தம், போட்டி, இடைவேளை என்று பகுதிகளாகப் பிரித்தார்கள். ஆரம்பத்தில் பயிற்சியின் அளவு அதிகம், கடுமை குறைவு. போட்டி நெருங்க நெருங்க அது தலைகீழாகும். நோக்கம் ஒன்றுதான்: போட்டி நாளன்று வீரர் உச்சத்தில் இருக்க வேண்டும். வெறும் தசைக்காக ஜிம்முக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது (கல்யாணத் தேதியை வேண்டுமானால் சொல்லலாம்).

இந்த முறை அமெரிக்காவுக்குப் போனபோது அதோடு எலிகளும் சேர்ந்துகொண்டன. கனடாவின் மாண்ட்ரியாலில் ஹான்ஸ் ஸெல்யே என்ற விஞ்ஞானி 1936ல் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டிருந்தார். எலிகளைக் குளிரிலும் விஷத்திலும் வதைத்தால் அவை முதலில் அதிர்கின்றன, பிறகு தாக்குப் பிடிக்கின்றன, வதை நீடித்தால் கடைசியில் சோர்ந்து சாகின்றன. 1981ல் மைக்கேல் ஸ்டோனும் அவரது நண்பர்களும் எடைப் பயிற்சிக்கு ஒரு மாதிரித் திட்டம் போட்டபோது இந்த மூன்று கட்டங்களைத்தான் அடிப்படையாகக் காட்டினார்கள். அந்தத் திட்டத்தில் தசை வளர்ப்பது முதல் சில வாரங்களுக்கான வேலை. அதன் பிறகு பலம், வேகம் என்று போகும். பளு தூக்கும் போட்டிக்காரருக்கு அது சரி. தசைதான் வேண்டும் என்பவர் ஏன் அதை நடுவில் விட்டுப் போக வேண்டும்?

ஆனால் ஜிம்முக்குப் போகிற சாதாரண ஆள் ஸெல்யேயையும் மத்வேயெவையும் எங்கே படித்தார்? அவர் படித்தது ஜோ வீடரை. வீடரும் அதே மாண்ட்ரியால்காரர்தான். 1940ல் இளைஞராக இருக்கும்போதே பத்திரிகை தொடங்கி, பிறகு பார்பெல், புரோட்டீன் பவுடர், மிஸ்டர் ஒலிம்பியா போட்டி (1965) என்று பெரிய சாம்ராஜ்யமே கட்டினார். வீடர் கொள்கைகள் என்று அவர் தொகுத்த பட்டியலில் ஒன்று "தசைக் குழப்பம்". உடம்பு பழகிவிடாதபடி பயிற்சி, செட், ரெப்ஸ் எல்லாவற்றையும் மாற்றிக் கொண்டே இரு என்பது. கொள்கையைக் குறை சொல்லும் முன் அவருடைய தொழிலையும் பார்க்க வேண்டும். பத்திரிகை மாதாமாதம் வரும். "போன மாதப் பயிற்சியையே செய்யுங்கள், கொஞ்சம் எடை ஏற்றுங்கள்" என்று மாதாமாதம் அட்டையில் போட முடியுமா? 2000களில் வந்த பி90எக்ஸ் என்ற டிவிடி தொகுப்பும் இதே தசைக் குழப்பத்தைச் சொல்லித்தான் விற்றது.

இதற்கிடையில், ஒரு ஆராய்ச்சி 1979ல் வந்தது. மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் எட்டு வாரப் பயிற்சியை அளந்து பார்த்தார்கள். முதல் மூன்று முதல் ஐந்து வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் வேலையைக் கற்றுக் கொள்வதால் வருகிறது. அதற்குப் பிறகுதான் தசை வளர்ச்சி முந்துகிறது. இதை வைத்துப் பார்த்தால் நாலாவது வாரத்தில் மொத்தமும் மாற்றுகிறவர், பாடம் முடிந்து பலன் வரும் நேரத்தில் புதுப் பாடத்தின் முதல் பக்கத்துக்குப் போகிறார். புதுப் பயிற்சியில் உடம்பு நன்றாக வலிக்கும், எடையும் முதல் சில வாரங்களில் மளமளவென்று ஏறும். "பார்த்தீர்களா, மாற்றியதும் வேலை செய்கிறது" என்று தோன்றுவது அதனால்தான்.

மாற்றம் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2014ல் பிரேசிலில் நடந்த 12 வார ஆய்வு ஒன்றில், ஸ்குவாட் மட்டுமே செய்தவர்களின் தொடைத் தசையில் சில பகுதிகள் சரியாக வளரவில்லை. பல பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களுக்கு எல்லாப் பகுதியும் வளர்ந்தது. அதாவது ஷெட்யூலுக்குள்ளேயே இரண்டு மூன்று விதம் இருப்பது நல்லது. அதற்காகத் தினமும் மாற்ற வேண்டுமா? 2019ல் அதையும் பார்த்துவிட்டார்கள். ஒரே ஆளின் ஒரு காலுக்கு எப்போதும் ஒரே மாதிரிப் பயிற்சி, இன்னொரு காலுக்கு ஒவ்வொரு தடவையும் எடை, செட், ஓய்வு எல்லாம் மாற்றி எட்டு வாரம். இரண்டு காலும் ஒரே அளவுதான் வளர்ந்தன!

அதே வருடம் ஸ்பெயினில் இன்னொரு ஆய்வு. ஒரு குழுவுக்கு நிலையான ஷெட்யூல். இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு தடவையும் மொபைல் ஆப் குலுக்கிப் போட்ட பயிற்சிகள். தசையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பயிற்சி செய்யும் ஆர்வம் குலுக்கல் குழுவுக்குத்தான் கூடியிருந்தது. வீடரின் பத்திரிகையை மாதாமாதம் வாங்கியவர்களுக்கும் ஒருவேளை கிடைத்தது அதுதான்.