யவனர் தேறலும் ‘உலர்ந்த’ ஒயினும்

கோவண்டியில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் சென்ற வாரம் புறநானூற்றின் 56ஆம் பாடலை எடுத்துக்கொண்டோம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடியது. யவனர் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் மகிழ்ந்து வாழ்க என்று அரசனை வாழ்த்துகிறார் புலவர். “சிவப்பு ஒயின்தானே?” என்று முதுகலை மாணவர் ஒருவர் கேட்டார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பாடலில் நிறம் இல்லை, இனிப்பும் இல்லை. இருப்பவை தண்மையும் மணமுமே.

தொல்லியல் என்ன சொல்கிறது? 1945இல் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. கோவண்டிக்குத் தெற்கே, மும்பைத் துறைமுக நீர்ப்பரப்பில் நிற்கும் எலிஃபண்டா தீவிலும் அத்தகைய ஓடுகள் உண்டு. அரிக்கமேட்டுச் சாடிகளுள் இரட்டைத் தண்டுக் கைப்பிடி கொண்ட கோஸ் தீவு வகை குறிப்பிடத்தக்கது. அதே வடிவை இத்தாலியிலும் வனைந்தனர். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதைப் போலச் செய்யும் முறையை உரோமானியரான கேட்டோ எழுதிவைத்துள்ளார். அத்தீவின் ‘வெண்’ மதுவைப் பிளினி பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். ஆகவே நன்மாறனின் பொற்கலத்தில் இருந்தது வெண்மது என்று நிறுவ இயலாது; சிவப்பு என்று கொள்ளவும் சான்றில்லை.

இனி மொழிக்கு வருவோம். ‘தேறல்’ என்பது தேறு, அதாவது தெளிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கள், தேன், மூங்கிற்குழாயில் முதிர்ந்த மது என எதுவாயினும் தெளிந்ததே தேறல். மூலப்பொருளைக் கொண்டு அமையாமல் தெளிவைக் கொண்டு அமைந்த பெயர் அது. அதனால்தான் அயல்நாட்டுத் திராட்சை மதுவையும் அச்சொல் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது.

இன்று ‘டிரை’ ஒயினை ‘உலர் ஒயின்’ என்று பெயர்த்துவிடுகிறோம். நீர்மம் எப்படி உலரும்? பிளினி ஃபலேர்னிய மதுவை மூவகையாக்கி, அவற்றுள் ஒன்றை ‘அவுஸ்தேரும்’ என்கிறார். அதன் கிரேக்க மூலத்துக்கு நாவை உலர்த்துவது என்பது பொருள். தமிழிலும் ‘துவர்’ என்னும் சொல்வடிவம் சுவையையும் உலர்தலையும் குறிக்கிறது. குமரி மாவட்டத்தில் துண்டு ‘துவர்த்து’, மலையாளத்தில் ‘தோர்த்து’. ஆயினும் துவர்ப்பு என்னும் சொல் இங்கே பொருந்தாது. துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருந்து வருவது, சிவப்பு ஒயினுக்கு உரியது. வெண்ணிற ஒயினில் ‘டிரை’ என்பது சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துத் தீர்ந்த நிலை. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை எஞ்சக் கூடாது. ‘கிரிஸ்ப்’ என்பது புளிப்பின் கூர்மை.

இவ்வேறுபாட்டை அறிய நாசிக் போதும். அங்குள்ள சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் ஒயின்களே சாவிஞோன் பிளாங், செனின் பிளாங் என்னும் வெண்வகைகள். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் நிகழும் அறுவடை இங்கே குளிர்காலத்தில் தொடங்குகிறது. இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கிறது. சாவிஞோன் பிளாங்கை 8 முதல் 10 பாகை செல்சியசில் பருகுவது நன்று. மிகக் குளிர்ந்தால் பச்சைப்புல் போன்ற அதன் மணம் அடங்கிவிடும். மும்பை வெக்கையில் சூடேறினால் புளிப்பு மழுங்கும். எனவே கிண்ணத்தில் சிறிது சிறிதாக ஊற்றி, முதலில் முகர்ந்து, பிறகு பருக வேண்டும். உப்பும் எலுமிச்சையும் சேர்ந்த மீன் வறுவலுக்கு அந்தப் புளிப்பு நல்ல துணை.

தண்மை, மணம், தெளிவு: நக்கீரனாரின் அடைகளும் ‘தேறல்’ என்னும் பெயரும் சேர்ந்து தரும் இம்மூன்றும் வெண்மதுவைச் சுவைப்பதற்கும் உரியவை. இதை வரலாற்றுச் சான்றாக நான் முன்வைக்கவில்லை. பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது என்றே சொல்கிறேன். ‘உலர் வெள்ளை ஒயின்’ என்பதைவிட ‘இனிப்பற்ற வெண்தேறல்’ பொருளை நேரே சொல்லும். வகுப்பறையில் யவனர் தேறலுக்கு நாமாகச் சிவப்பு நிறம் ஏற்றாதிருப்போம்.

உங்கள் ஊர் வழக்கில் ‘துவர்’ உலர்தலைக் குறிக்குமாயின், ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள்.