சுண்டெலியில் இரத்தப் புற்று: வளர்ச்சியைத் தூண்டுவனவும் தடுப்பனவும்

எலும்பு மஜ்ஜையிலோ தைமஸ் சுரப்பியிலோ உருவாகும் வெள்ளணுக்கள் முதிராமலேயே கட்டுக்கடங்காமல் பெருகுவது இரத்தப் புற்று. ஓர் உடலில் சீறி வளரும் இந்நோய் இன்னோர் உடலில் ஏன் தலைகாட்டுவதேயில்லை என்பதை மனிதரிடம் சோதித்துப் பார்க்க முடியாது. கிடைத்த விடைகளில் பெரும்பகுதி ஆய்வகச் சுண்டெலிகள் தந்தவை.

முதல் காரணி பரம்பரை. அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் ஃபர்த் 1930-களில், உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து ‘ஏகே’ என்ற இனத்தை உருவாக்கினார். இவ்வினத்தில் பெரும்பாலானவை தாமாகவே இரத்தப் புற்றுக்கு ஆளாகின்றன. லுட்விக் கிராஸ் 1951-இல், இந்த எலிகளிடமிருந்து எடுத்து அணுக்களை வடிகட்டி நீக்கிய சாற்றை, நோய் அரிதாகவே காணப்படும் ‘சி3ஹெச்’ இனக் குட்டிகளுக்குச் செலுத்தினார். பிறந்து சில மணி நேரமே ஆன குட்டிகளுக்கு நோய் வந்தது. அணுக்கள் இல்லாத சாறே நோயைத் தந்ததால், அதில் வைரஸ் இருப்பது தெரிந்தது. அது வேரூன்ற உடலின் வயதும் இசைய வேண்டும் என்பதும் தெரிந்தது.

மிகுந்த வியப்பைத் தருவது தைமஸின் பங்கு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் இச்சுரப்பியை இளமையிலேயே அகற்றிவிட்டால் ஏகே எலிகளில் நோய் பெரிதும் குறைகிறது என்று ஃபர்த்தின் குழு 1944-இல் காட்டியது. லண்டனில் ஜாக் மில்லர் ஒரு படி மேலே போனார். வைரஸ் செலுத்தித் தைமஸை எடுத்த எலிகளுக்குப் பல மாதம் கழித்து வேறொரு தைமஸை ஒட்டவைத்தார், நோய் திரும்பியது. வைரஸ் அத்தனை காலமும் உடலில்தான் இருந்திருக்கிறது, வளர இடமில்லாமல். பிறந்தவுடனேயே தைமஸை எடுத்தால் என்ன ஆகும் என்று தொடர்ந்து பார்த்தபோது, நோய் எதிர்ப்பாற்றலுக்கு அச்சுரப்பி இன்றியமையாதது என்பதை 1961-இல் கண்டறிந்தார். ஒரு நோயைத் துரத்திப் போய் உடலின் காவல் அமைப்பையே கண்டடைந்த இந்த ஆய்வுக்கு ஈடாக மிகச் சிலவற்றையே சொல்ல முடியும்.

கதிர்வீச்சு எலிகளில் இந்நோயைத் தூண்டும். ஆனால் தொடையெலும்பை மட்டும் மறைத்துக் காத்தாலே, அங்குள்ள மஜ்ஜை பெருமளவு பாதுகாப்புத் தருவதை ஹென்றி காப்லான் கண்டார். ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜன் நோயை முடுக்குகிறது, கார்ட்டிசோன் தணிக்கிறது. உணவைக் குறைத்தாலும் நோய் குறைகிறது.

ஹார்மோனையும் வைரஸையும் மரபையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை இந்தியாவில் வலியுறுத்தியவர் கமல் ரணதிவே (1917–2001). மும்பை இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் இரத்தப் புற்று, மார்பகப் புற்று, உணவுக்குழாய்ப் புற்று ஆகியவற்றுக்கு விலங்கு மாதிரிகளை உருவாக்கினார். 1982-இல் பத்மபூஷண் பெற்றார். தமிழ்ப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும்.

மருந்துத் தேடலிலும் எலிகளே வழிகாட்டின. நம் ஊர்களில் வாசலிலும் வேலியோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியின் சாறு, ‘பி-1534’ என்ற இரத்தப் புற்று ஏற்றப்பட்ட எலிகளின் ஆயுளை நீட்டியதை 1950-களின் இறுதியில் எலை லில்லி மருந்து நிறுவனத்தார் கண்டனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் தரப்படும் வின்கிறிஸ்டின் அதிலிருந்தே வந்தது.

இப்போது எதிர்ப்பாற்றல் நீக்கப்பட்ட எலிகளில் நோயாளிகளின் புற்றணுக்களையே வளர்க்கிறார்கள். அவற்றுள் சில எளிதில் ஒட்டுவதில்லை. மனித வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளில் மேலும் நன்றாக வளர்கின்றன.