வாலுப் பிள்ளைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

"ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான், சொன்னது காதுலயே ஏறலை." வெளி மாநிலத்தில் நாலு நம்மூர்க் குடும்பங்கள் கூடினால் யாராவது ஒரு அம்மா இதைச் சொல்லிவிடுவார். உடனே ஆளுக்கொரு தீர்ப்பு. செல்லம் ஜாஸ்தி என்பார் ஒருவர். ரெண்டு போட்டால் சரியாகும் என்பார் இன்னொருவர். கூகுள் பார்த்தவர் ஏ.டி.ஹெச்.டி. என்று பெயரே வைத்துவிடுவார். இந்த விவாதத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயசு.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். புத்தி நன்றாக இருந்தும் மனம் ஒன்றில் நிற்காத, தன்னை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி. 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்று அதைக் குறிப்பிட்டார். பெயர் மோசம்தான். ஆனால் வளர்ப்பு சரியில்லை என்று கையை உதறிவிடாமல், உடம்பில் காரணம் தேடினார்.

அமெரிக்காவில் பிராட்லி தம்பதியின் ஒரே மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து, பிறகு அவள் தேறவே இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று பெற்றோர் எழுதிவைத்த உயிலால் 1931-ல் ரோட் ஐலண்டில் ஒரு மருத்துவமனை வந்தது. அங்கே சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தலைவலிக்காக பென்சட்ரின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. படிப்பு கூடியது! 30 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் என்று 1937-ல் எழுதினார். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று கூப்பிட்டார்களாம். ஏ.டி.ஹெச்.டி. மருந்துகளின் கதை அங்கேதான் ஆரம்பம்.

மனசில் அடிபட்ட குழந்தைகளின் கதை தனி. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் தன் நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு ரயிலேற்றியது. பெற்றோர் கூட வராத பிள்ளைகளின் கோட்டில் பெயர்ச் சீட்டு. போன வீடுகளிலிருந்து வந்த பெரிய புகார், படுக்கையை நனைக்கிறார்கள் என்பது.

வியன்னாவிலிருந்து அகதியாக வந்த அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் இல்லம் நடத்தினார்கள். அவர்கள் கண்டது ஊர் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு. தலைக்கு மேல் குண்டு விழும்போதும் அம்மா பதறாமல் பக்கத்தில் இருந்தால் குழந்தை பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. பத்திரமான கிராமத்தில், அம்மா இல்லாத குழந்தைதான் உடைந்துபோனது.

இல்லத்தில் அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வைத்தார்கள். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் இது நடக்காத காரியம். பிறகு குழந்தைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு 'அம்மா' என்று ஏற்பாடு. உடனே நிலைமை மோசமானது! பொறாமை, அழுகை, அந்த ஒருத்தி அறையை விட்டு நகர்ந்தால் ரகளை. அதோடு சேர்ந்தே பேச்சும் சுத்தப் பழக்கமும் வேகமாக வளர்ந்தன. ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்ததால் வந்த ரகளை அது. இந்தச் சரித்திரத்தில் பெற்றோர்கள் ரெண்டு தடவை படிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

இந்த இரண்டு கதைகளும் சேர்ந்த இடம் ருமேனியா. 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது, அனாதை இல்லங்களில் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. அங்கிருந்து இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 பேரை மைக்கேல் ரட்டர் குழுவினர் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் ஏறக்குறைய மற்ற பிள்ளைகள் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு அறிவுத்திறன் பின்னால் தேறிவிட்டது. ஆனால் கவனமின்மையும் துறுதுறுப்பும் இருபது வயது தாண்டியும் நின்றன. அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஏ.டி.ஹெச்.டி.யில் பெரும்பங்கு பரம்பரை என்றே இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பயந்த குழந்தையும் வெளிப்பார்வைக்கு அப்படியே இருக்கும்: தூக்கம் வராது, பாடத்தில் மனம் நிற்காது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும். சில பிள்ளைகளுக்கு இரண்டுமே இருக்கலாம். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் மாத்திரைக்கு முன்னால் பெற்றோருக்குப் பயிற்சி என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். பெரிய வித்தை இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, முடித்த உடனே பாராட்டுவது, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் மாறாமல் பார்ப்பது. அடி இதில் எங்கேயும் இல்லை. ஏற்கனவே பயந்த பிள்ளைக்கு அது இன்னொரு பயம்.

நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகிற குடும்பங்களுக்கு ஒரு விஷயம். டாக்டர் முதலில் கேட்பது 'எப்போதிலிருந்து?' என்றுதான். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, ஒரு சாவுக்கோ விபத்துக்கோ ஊர் மாற்றத்துக்கோ பிறகு வந்தனவா என்று அவர் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டில் மிஸ் எழுதிய அந்த ஒரு வரி அப்போது ரொம்ப உதவும். வீடு காலி செய்யும்போது பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.