திண்ணையில் தொடங்கிய ஞானத் தேடல்

ஆங் மோ கியோ நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் ஔவையாரின் கொன்றை வேந்தனைத் தேடுவோர் உண்டு. யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகிய பழைய எபிரேய ஞான நூல்களும் இன்று தமிழில் உள்ளன. இவ்விரு மரபுகளும் அருகருகே வந்த ஊர் தரங்கம்பாடி.

1706ல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், சமயம் பரப்ப வந்தவர். ஆனால் முதலில் மாணவரானார். பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1708ல் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உண்மை தம் வேதத்தில்தான் என்று நம்பியவருக்கு இது லேசான காரியமா என்ன?

எபிரேய நீதிமொழிகளும் ஏறக்குறையத் திண்ணைப் பாடம்தான். மகனை அழைத்துத் தந்தை புத்தி சொல்லும் பாணி. அதிலும் அயலார் அறிவு கலந்திருக்கிறது. எகிப்திய அமெனமோப்பின் அறிவுரை நூலோடு அதன் ஒரு பகுதி நெருங்கி ஒத்திருப்பதை 1924ல் அடோல்ஃப் எர்மன் எடுத்துக்காட்டினார். யோபு நூலின் 28ஆம் அதிகாரமோ, பூமியைக் குடைந்து வெள்ளி எடுக்கத் தெரிந்த மனிதனுக்கு ஞானம் இருக்குமிடம் தெரியவில்லையே என்று ஏங்குகிறது.

இந்நூல்களைத் தமிழாக்கும் வாய்ப்பு சீகன்பால்குக்குக் கிட்டவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்திருந்த நிலையில், 1719ல் தமது 36ஆம் வயதில் காலமானார். எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே மொழிபெயர்க்க, 1728ல் அச்சுப்பணி நிறைவுற்றது. சீகன்பால்க் பெயர்த்த தமிழ் நீதிநூல்கள் அச்சேற 1930 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ஜெர்மனியில் அல்ல, ஆம்ஸ்டர்டாமில்.