படுக்கைக்குக் கணக்கு உண்டு, திண்ணைக்கு இல்லை

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். சாலையோரம் காய்கறிச் சந்தை. பக்கத்தில் பிரியும் ஒடுங்கிய பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அந்தத் தோட்டத்து வீடுகளில் ஒருவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால், அவரைக் கியா பார்ம் வழியாகக் கீழே தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது சிறிய மாவட்ட மருத்துவமனை. நிலைமை மோசமானால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். ஈப்போ பகாங்கில்கூட இல்லை, பேராக்கில் இருக்கிறது. கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியே போகும் ஆம்புலன்ஸ் திரும்பவும் கியா பார்மைக் கடந்துதான் போகும். நோயாளியோடு பெரும்பாலும் ஒருவர்தான் ஏறலாம். மற்றவர்கள் வண்டி பிடித்து, இருட்டில் மலை இறங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் நடையிலும் வாகன நிறுத்தத்திலும் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். மலைவாசிகளின் தலையெழுத்து இது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அப்படி நினைக்கவில்லை. காத்திருப்பவருக்கு இடமில்லாமல் போனதற்கு நூறாண்டுச் சட்டமும் கணக்கும் காரணம். அதைப் பழைய ஏடுகளிலிருந்தே காட்ட முடியும்.

மலாயாவில் தோட்டத்து ஆஸ்பத்திரி இரக்கத்தில் பிறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிள்ளான் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் இறந்த தோட்டங்களைப் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தில், 1907-இல், தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரத் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று தொடங்கப்பட்டது. கப்பல் கட்டணம் கொடுத்துக் கொண்டுவந்த ஆள் ஆறு மாதத்தில் செத்தால் அது நட்டம். 1912-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத்தையும் 1923-இல் அது திருத்தி எழுதப்பட்டதையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். மருத்துவமனை, மருந்து, தேர்ந்த உதவியாளர் ஆகியவற்றுக்கு முதலாளி பொறுப்பு என்று ஆயிற்று. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஆஸ்பத்திரி நடத்துவதும் பரவியது. இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கு இதே போன்ற மருத்துவத் தேவைச் சட்டம் 1872-லேயே வந்துவிட்டது. இரண்டிலும் எண்ணப்பட்டது படுக்கை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் எத்தனை நாள் படுத்தார், எத்தனை நாளில் எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார் என்பதே கேள்வி.

படுக்கையின் பக்கத்தில் இருந்தவர் அந்த ஏட்டில் எப்படித் தெரிந்தார்? வேலைக்கு வராதவராகத் தெரிந்தார். 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எளிதில் எட்ட முடியாத பகாங் உட்பகுதிகளில் 58, 46 என்று சற்றுக் கூடுதல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் ஆஸ்பத்திரித் திண்ணையில் விழித்த தாய், மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்காவிட்டால் அந்தக் காசு இல்லை. காத்திருப்பதற்கு அவள் கூலியால் விலை கொடுத்தாள். அதனால்தான் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளில் முறைபோட்டுக் கொள்ளும் வழக்கம் உருவாயிற்று: வேலையை விட்டு நின்ற பாட்டிமார் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி உலை வைத்துச் சோறு கொடுத்தனுப்புவாள். இது நம் மக்களின் பாசம் என்று பெருமைப்படுகிறோம். பாசம்தான். ஆனால் முதலாளியும் அரசும் ஏற்றிருக்க வேண்டிய செலவை ஏழைக் கிழவிகள் தங்கள் தூக்கத்தால் அடைத்ததும் அந்தப் பாசத்துக்குள் இருக்கிறது.

கேமரன் மலையில் இது இன்னும் உறுத்துகிறது. ஏனெனில் இந்த மலையே உடல்நலத்துக்காகத் திறக்கப்பட்டது. 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து சொன்ன மேட்டுநிலத்தை 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெயிலில் வாடிய ஐரோப்பியர் ஓய்வெடுக்கும் ஊராக்கத் திட்டமிட்டார். தாப்பாவிலிருந்து சாலை 1930ஐ ஒட்டித் தானா ராத்தாவை எட்டியது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தோட்டத்தில் தேயிலை நட்டது தமிழர் கை. வெள்ளைக்காரர் நலம் தேடி ஏறிய அதே சாலையில், நலம் கெட்ட தமிழர் பெரிய ஆஸ்பத்திரி தேடி இறங்கினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு அந்தத் தாப்பா சாலை ஒன்றே மலைக்கு வாசல். மண் சரிந்தால் அதுவும் இல்லை. 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் பிறந்ததும் மலைச் சாலைகளே போர்க்களமாயின. 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது பிரேசர் மலைக்குப் போகும் சாலையில்தான். ஊரடங்கு போட்ட இடங்களில் மாலைக்குப்பின் வெளியே கால் வைக்க முடியாது. மருத்துவமனையில் இரவு தங்கிவிட்டவர் தங்கியவர்தான். வீட்டிலிருந்தவருக்குச் செய்தி காலையில்தான்.

அன்றைய நிலையில் இதற்கு மேல் யாரால் செய்திருக்க முடியும் என்று கேட்பார்கள். உறவினர் கூட்டம் தொற்றைப் பரப்பும், மருத்துவர் வேலையைக் கெடுக்கும். பார்வை நேரம் வைத்து வெளியே அனுப்புவதுதான் நவீன மருத்துவமனை நடைமுறை என்பார்கள். தொற்று பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் முடியாது என்பதற்கு மலாயாவிலேயே மறுப்பு இருக்கிறது. அவசரகாலத்தில் காட்டிலிருந்து பிடித்து வந்து முள்வேலிக்குள் அடைத்த ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்களில் பலர் இறந்தார்கள். அவர்களைப் பகைத்தால் காடு கம்யூனிஸ்டுகளிடம் போய்விடும் என்று உணர்ந்த அரசு, 1950களில் கோம்பாக்கில் அவர்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டியது. நோயாளியோடு குடும்பமும் வரலாம், வளாகத்திலேயே தங்கலாம், தங்கள் உணவைச் சமைத்துக்கொள்ளலாம். அதை நடத்திய மருத்துவர் மால்கம் போல்ட்டன் 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்தச் சேவையை விவரித்து எழுதினார். அதே நாடு, அதே அரசு, அதே தொற்றுநோய்கள். ஓராங் அஸ்லிக்கு ஏன் கிடைத்தது? சொந்தம் கூட இல்லாவிட்டால் அவர்கள் காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. தோட்டத் தமிழரின் வீடு, வேலை, மருந்து மூன்றும் ஒரே துரை கையில். வரமாட்டேன் என்று சொல்ல முடியாதவருக்காக யாரும் கூடுதலாக ஓர் அறை கட்டுவதில்லை.

இன்னொரு மறுப்பு தோட்டத்து ஆஸ்பத்திரியின் நன்மையைச் சொல்வது, அதை நான் மனமார ஏற்கிறேன். அது லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் பெரும்பாலும் தமிழரோ மலையாளியோ. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஜன்னலில் நின்று கேட்டால் தமிழில் பதில் வரும். இந்த உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் சட்டமும் வந்தது. குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் 1966-இல் தோட்ட மருத்துவத்தையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் பின்னர் தோட்ட ஆஸ்பத்திரிகள் குறைந்து, சிகிச்சை அரசு மருத்துவமனைக்கு மாறியபோது, மருத்துவம் உயர்ந்தது, ஜன்னல் போய்விட்டது. குடிமக்கள் ஒரு ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம் என்பது உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத பேறு. நோயாளிக்குச் செய்த அந்த நன்மையின் அருகில், வெகுதூரம் மலை இறங்கி வந்து நிற்கும் மனைவிக்கு ஒரு நாற்காலி போதும் என்று நினைத்தது பழைய செக்ரோல் பார்வைதான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு உண்டு, பேறுகால விடுப்பு உண்டு. 2023 முதல் தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. நோயுற்ற தாயின் அருகில் இருக்க ஒரு நாள்கூட அந்தச் சட்டம் தரவில்லை.

கைப்பேசி வந்துவிட்டதே, செய்தி வீட்டுக்கே வருமே என்பதும் சரியான பதில் ஆகாது. அறுவைக்குக் கையெழுத்து வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், மொழி புரியாத முதியவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இறந்துவிட்டால் உடலைப் பெற்று மலையேற்ற வேண்டும். செய்தி வராத காத்திருப்பு என்ன செய்யும் என்பதை இந்தச் சமூகம் நன்றாக அறியும்: சயாம் மரண ரயில்பாதைக்கு 1943-இல் மலாயாவிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் தோட்டத் தமிழரே மிகுதி, திரும்பாதவர்களுக்காக லயங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. இன்று கேமரன் தேயிலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்யும் நேப்பாளியும் வங்கதேசத்தவரும் நோயில் விழுந்தால், நடையில் உட்காரக்கூட இங்கே சொந்தம் இல்லை. அவர்கள் வீட்டார் கடல் கடந்து காத்திருக்கிறார்கள்.

சென்னையில் அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் உடனிருப்போருக்கு மாநகராட்சி இரவுக் காப்பகம் நடத்துகிறது. மலேசியாவிலேயே செராஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்க அறக்கட்டளை இல்லம் உண்டு. ஆக வழி தெரியாமல் இல்லை. ஈப்போ மருத்துவமனை அருகே மலைக் குடும்பங்கள் இரவு தங்க ஓர் இல்லமும், வேலைச் சட்டத்தில் குடும்பத்தார் நோய்க்கென்று மூன்று நாள் ஊதிய விடுப்பும் வேண்டும். தேயிலை நிறுவனங்களும் பகாங், பேராக் அரசுகளும் சேர்ந்தால் முதலாவதை ஓராண்டில் முடிக்கலாம். இரண்டாவதற்கு நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேமரன் மலைத் தொகுதியின் வாக்காளர்கள் அடுத்த தேர்தலில் வேட்பாளரிடம் இதை முதல் கேள்வியாக வைக்கட்டும்.