பென்சில் கோடு

கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, ஆலம்பரைக் கோட்டையின் சிதைந்த சுவர்களை ஒட்டிய உப்பங்கழிக் கரையில் எந்நாளும் சில ஃபைபர் படகுகள் கட்டிக்கிடக்கும். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்த கோட்டை அது. மாணவர்களை அவ்வப்போது அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். சென்ற முறை போயிருந்தபோது பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். இயற்பியல் படித்தவர், பகுதி ஒன்றுத் தமிழ் வகுப்பில் என்னிடம் அமர்ந்தவர். இப்போது வட மாநிலம் ஒன்றில் பயிற்சி விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர், படகு எஞ்சின் மெக்கானிக்கான தம் தந்தையாருக்குத் துணையாக நின்றிருந்தார்.

தந்தையார் புதிய புகைக்குழாய் ஒன்றை அறுப்பதற்காகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மகன் சிரித்தார். "அப்பா, எங்க ஹேங்கர்ல சைலன்சர் மேல பென்சில் வச்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." தந்தையார் நிமிராமலே பதில் சொன்னார்: "என் படகு பறக்காதுடா."

ஒரு பென்சில் கோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதும், அதன்பின் நான் தேடிப் படித்ததும் சேர்ந்து இக்கட்டுரையாயின.

விமானத்தின் வரலாற்றைச் சிறகின் வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். புகைக்குழாயின் வரலாறு அதற்குள் மறைந்து கிடக்கிறது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்களது எஞ்சினில் புகைக்குழாய் என்று ஒன்று இல்லை. எரிந்த வாயு உருளைகளிலிருந்து நேராக வெளியேறியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த கோர்சிகத் தீவினர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிவந்த பட்டறை சிம்சனுடையது. அக்காலத்தில் விமானி திறந்த வெளியில் அமர்ந்திருந்தார். புகையைக் காற்றே பார்த்துக்கொண்டது.

1925 பிப்ரவரி 22 அன்று இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாத் என்னும் சிறு விமானம்தான் பறத்தலைச் சாமானியர்க்கு அருகே கொண்டுவந்தது. அதன் எஞ்சின் முன்னே. ஒருவர்பின் ஒருவராக அமரும் இருவர் பின்னே. முன்னால் விட்ட புகை முகத்தில் அடிக்கும். ஆகவே நீண்டதொரு குழாயை உடலின் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரு இருக்கைகளையும் கடந்தபின் புகையை வெளியேற்றினார்கள். பழைய நிழற்படங்களில் அக்குழாயைத் தெளிவாகக் காணலாம். 1928 முதல் இந்தியாவில் தோன்றிய பறத்தல் சங்கங்கள் இவ்விமானத்தைக்கொண்டே பயிற்றுவித்தன. சென்னைச் சங்கம் 1930இல் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்ததும், நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியே சென்னைக்குச் சேர்த்ததும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பஸ் மாத் விமானத்தில்தான்.

பஸ் மாத் மூடிய அறை கொண்டது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. திறந்த விமானத்தில் புகை ஒரு தொல்லை. மூடிய விமானத்தில் அதுவே நஞ்சு. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கி 1958இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக்கும், பின்னர் நம் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த செஸ்னாக்களும் மூடிய அறை உடையவையே.

மேலே ஏற ஏறக் குளிரும். மீனம்பாக்கத்தில் வியர்த்துக் கொட்டினாலும் எட்டாயிரம் அடி உயரத்தில் ஏறத்தாழ பதினைந்து பாகை வெப்பம் குறைந்திருக்கும். விமானியின் குளிரைப் போக்க, ஒற்றை எஞ்சின் விமானங்களில் எளிய ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. சூடான சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டுறை. அதனுள்ளே புகும் வெளிக்காற்று சூடேறி விமானியின் அறைக்குள் வரும். நச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நிற்பது மெல்லிய உலோகச் சுவர் ஒன்றே. அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு சோர்வு, பிறகு மயக்கம். தமக்கு என்ன நேர்கிறது என்பதை உணரவேண்டிய மூளையே முதலில் மங்கிவிடுகிறது.

2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் புறப்பட்ட பைப்பர் மாலிபு விமானம் கடலில் வீழ்ந்தது. அதில் சென்ற கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் இறந்தனர். சாலாவின் குருதியில் ஹீமோகுளோபினில் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு பற்றியிருந்தது. விமானியும் அந்நஞ்சால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் விசாரணை அமைப்பின் 2020 அறிக்கை கூறிற்று. ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அவ்விமானத்தில் இல்லை.

இப்போது பென்சிலுக்கு வருவோம். விமானத்தின் புகைக்குழாய் குரோமியமும் நிக்கலும் கலந்த துருவேறா எஃகாலோ, அதனினும் வெப்பம் தாங்கும் இன்கோனல் என்னும் கலவையாலோ ஆனது. எஞ்சினை விட்டு வரும் வாயுவின் வெப்பம் எழுநூறு, எண்ணூறு பாகை. ஒவ்வொரு பறத்தலிலும் குழாய் விரிந்து சுருங்குகிறது. பென்சிலின் கரி அதன்மேல் படிந்திருந்தால், அந்த வெப்பத்தில் உலோகத்துக்குள் ஊறி, கோடு போட்ட இடத்தையே வலுவிழக்கச் செய்யும். நாளடைவில் விரிசல் அங்கேதான் விழும். துத்தநாகப் பூச்சுள்ள கருவிகளையும் இதே காரணத்தால் விலக்குகிறார்கள். உப்புக்காற்று வீசும் கடற்கரையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கசிவைக் கண்டறியும் முறை நம் சைக்கிள் கடைக்காரருக்கு நன்கு தெரிந்ததே. குழாய்க்குள் மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, வெளியே சோப்பு நீர் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி எழும். இணைப்புகளின் அருகே சாம்பல் நிறத்தில் படிந்த கோடுகளும் கசிவுக்குச் சாட்சி. விரிசல் கண்ட குழாயைத் தோன்றியபடி பற்றவைத்து ஒட்டிவிட முடியாது. ஒப்புதல் பெற்ற முறையில் சீராக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

வரலாறு டி'ஏஞ்சலிசை நினைவில் வைத்திருக்கிறது; டாட்டாவை, வின்சென்டை நினைவில் வைத்திருக்கிறது. பறப்பதற்கு முந்தைய இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தவரை அது எழுதுவதில்லை. அவர் சரியாகச் செய்த வேலைக்கு அடையாளம், எதுவும் நிகழாமல் போவதே. நிகழாததற்கு வரலாறு எழுதுவது கடினம்தான்.

"பென்சில் கூடாதென்றால் எதைக்கொண்டு குறிப்பீர்கள்?" என்று அன்று கேட்டேன்.

"சாக்பீஸ் இருந்தா போதும், ஐயா."

முப்பது ஆண்டுகளாகப் படகு எஞ்சின் பார்த்துவரும் தந்தையார் அப்போதுதான் தலைநிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு, தம் கோட்டின்மேலேயே ரம்பத்தை வைத்து அறுக்கத் தொடங்கினார்.